முத்திரை குத்தாத கைக்கடிகாரம்

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். கீழ்த்தளத்தில் பெரியவள், மாடியில் சின்னவள் என்று முப்பத்தைந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தினார்கள். அதில் இருபத்திரண்டு வருஷம் இருவருக்கும் நேரடிப் பேச்சு வார்த்தை கிடையாது.

காரணம் சின்னதுதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றை ஆரம்பிக்கப் போவதாகச் சின்னவள் சாப்பாட்டு மேஜையில் சொன்ன அன்று, பெரியவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "இவ ஓட்டறதே பெரிய விஷயம், இதுல ஊருக்கே சொல்லிக்குடுக்கப் போறாளாமா" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒற்றை வாக்கியத்தைச் சின்னவள் மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து, தண்ணீர் மோட்டாரை நிறுத்து என்ற சேதிகூட அண்ணன் தம்பி வாய்வழியாகத்தான் மாடிப்படி ஏறி இறங்கியது. பள்ளி நன்றாகவே நடந்தது. சின்னவள் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொருவர் லைசென்ஸ் வாங்கும்போதும், கீழ்வீட்டு ஜன்னல் வழியே கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே வாழ்த்துச் சொல்லுவாள்.

பிறகு அண்ணன் போனார். இரண்டு வருஷத்தில் தம்பியும் போனார். அதற்கடுத்த வருஷம் பெரியவளுக்கு மறதி ஆரம்பித்தது. அடுப்பில் வைத்தது கருகிப்போவது, சாவியை உப்பு டப்பாவில் போடுவது என்று தொடங்கி, ஒரு நாள் தன் வீட்டு வாசலிலேயே நின்று யார் வீடு இது என்று பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாவைக் கேட்கும் அளவுக்கு வந்தது. பெரியவளுக்குப் பிள்ளைகள் இல்லை. சின்னவளின் ஒரே மகள் தொலைவில் இருந்தாள். வேறு யார் பார்ப்பார்கள்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு சின்னவள் கீழே இறங்கி வந்தாள். எப்படி முகம் கொடுப்பது, முதலில் யார் பேசுவது என்று படிக்குப் படி ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவளை, கதவைத் திறந்த பெரியவள், "வா வா, எங்க போயிருந்த இத்தனை நாளா?" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சண்டையை அவள் சுத்தமாக மறந்துபோயிருந்தாள். சின்னவளுக்கு அது பெரிய ஏமாற்றம். இருபத்திரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த கோபம். இப்போது அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

பெரியவள் வேலை பார்த்தது எடையளவுத் துறையில். முப்பத்தோரு வருஷம் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், இல்லாவிட்டால் பூட்டிச் சீல் வைப்பதும் அவள் தொழில். சோதனை எடைகள் நிரம்பிய தோல்பெட்டியும் கையுமாக அவள் தெருமுனையில் தலைகாட்டினால், கடைக்காரர்கள் தராசைத் துணி போட்டுத் துடைத்து வைத்துவிட்டு, குடிக்க என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அவள் ஒருவர் கையிலும் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

மறதி வந்த பிறகு அவள் மறந்தவற்றில் தான் ஓய்வு பெற்ற சேதியும் ஒன்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள் குளித்து முடித்து, சேலையைப் பின் குத்திக் கட்டிக்கொண்டு, ஆய்வுக்குக் கிளம்பிவிடுவாள். ஒரு தடவை ஐந்து மணி நேரம் ஆளைக் காணவில்லை. சின்னவள் தலைகால் புரியாமல் ஊரெல்லாம் தேடி, கடைசியில் மூன்றாவதாகத் தேடிய சந்தையில் ஒரு வெங்காயக் கடை முன்னால் கண்டுபிடித்தாள். மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். கடையின் தராசைப் புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் குறுக்கும் நெடுக்குமாகச் சீல் வைத்திருந்தாள். வியாபாரி கைகட்டி நின்றார். அவருக்கு அவள் யாரென்றே தெரியாது. ஆனால் அந்தக் குரலில் அப்படி ஒரு அதிகாரம். தராசு உண்மையிலேயே ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார்.

மறதிக்குக் காட்டிய மருத்துவமனையின் நர்ஸ்தான் அந்தக் கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொன்னார். மணி காட்டும்; அதோடு கட்டியிருப்பவர் எங்கே இருக்கிறார் என்பதை இன்னொருவருடைய போனில் ஒரு நீலப் புள்ளியாகவும் காட்டும். நர்ஸ் இரண்டு விஷயத்தை வற்புறுத்திச் சொன்னார். ஒன்று, கட்டுவதற்கு முன் அவரிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். இரண்டு, தினமும் மறக்காமல் சார்ஜ் போடுங்கள். சின்னவள் இரண்டாவதை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டாள்.

"ஆபீஸ்ல ரிட்டயர் ஆனவங்களுக்கெல்லாம் குடுக்கறாங்களாம்கா. நேரம் பாக்கறதுக்கு" என்று சொல்லிப் பெரியவளின் மணிக்கட்டில் கட்டி, தானாகக் கழற்ற முடியாதபடி சின்ன திருகாணியையும் முறுக்கிவிட்டாள்.

பெரியவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதற்கு எதற்குத் திருகாணி என்று கேட்டாள். திருட்டுப் போகாமல் இருக்க என்றாள் சின்னவள். பெரியவள் "ம்" என்றாள். முப்பத்தோரு வருஷம் கடைக்காரர்கள் சொன்ன சாக்குகளையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிய "ம்" அது. சின்னவள் அதைக் கவனிக்கவில்லை.

அதன்பின் சின்னவளுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் பாடம். காரின் முன்பக்கம் போனை ஒரு பிடியில் மாட்டி, ஒரு கண் சாலையில், ஒரு கண் புள்ளியில். புள்ளி வீட்டில் இருந்தால் வழக்கமான பாடம். புள்ளி நகர்ந்தால் பாடமும் அந்தப் பக்கமே நகரும். பின்னோக்கி நிறுத்தக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் சந்தை வாசலில் நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். ஏற்றத்தில் வண்டி எடுக்க வந்தவர்கள் மீன் கடைகளுக்குப் போகும் மேட்டில் எடுத்துப் பழகினார்கள். எப்போதும் இந்தக் கடைத்தெருப் பக்கமே ஏன் கூட்டிவருகிறீர்கள் என்று ஒரு மாணவி கேட்டதற்கு, நெரிசலில் ஓட்டத் தெரிந்தவருக்கு நிலவிலும் ஓட்டத் தெரியும் என்று சின்னவள் ஒரு போடு போட்டாள்.

மாணவர்களிலேயே கஷ்டமான மாணவர் பல் டாக்டர். நாற்பத்தாறு வயது. நாலு தடவை லைசென்ஸ் தேர்வுக்குப் போய் நாலு தடவையும் தோற்றவர். அடுத்தவர் வாய்க்குள் ஊசியை இறக்கும்போது இம்மியும் நடுங்காத கை, ஸ்டியரிங்கைத் தொட்டதும் உதறும். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடந்து திரும்ப வேண்டிய முச்சந்தி வந்துவிட்டால் அவ்வளவுதான். பிரேக்கை மிதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடைசி வண்டியும் கடந்து சாலை வெறிச்சோடும் வரை காத்திருப்பார். பகல் நேரத்தில் சாலை வெறிச்சோடுவதாவது? பின்னால் நிற்கிறவர்கள் ஹாரனை அழுத்திக் காதைக் கிழிப்பார்கள். "வாயைத் திறங்கன்னு சொன்னா நோயாளி திறக்கறாங்க மேடம். வழி விடுங்கன்னு நான் யாரைக் கேக்கறது?" என்பார்.

அன்று காலை பதினொரு மணிப் பாடம் அவருடையது. புள்ளி வீட்டில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து பெரிய சாலைக்கு வந்தது. தையற்காரம்மாவோடு கடைக்குப் போகிறாள் போலிருக்கிறது என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். சாலையோரத்தில் ஒரே இடத்தில் இருபது நிமிஷம் நின்றது. சரி, வேடிக்கை பார்க்கிறாள். டாக்டருக்கு கியர் மாற்றுவதைப் பற்றி விளக்கிக்கொண்டே மறுபடி திரும்பிப் பார்த்தபோது, புள்ளி பறந்துகொண்டிருந்தது.

மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்று போன் காட்டியது. எழுபத்தொரு வயதில், முழங்கால் வலியோடு, எத்தனை அதிகாரம் இருந்தாலும் ஒருத்தி அந்த வேகத்தில் நடக்க முடியாது. சின்னவள் கூப்பிட்டபோது வீட்டுத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. தையற்காரம்மாவுக்குப் போன் போட்டாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, கதவு வெளியே ஒழுங்காகப் பூட்டியிருக்கிறது, தன்னிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டார்கள் என்றார். யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். யார்? எங்கே?

"டாக்டர், ஓரமா நிறுத்துங்க. நான் ஓட்டறேன்."

டாக்டர் அவள் கையைப் பார்த்தார். போனைப் பிடித்திருந்த கை கிடுகிடுவென்று நடுங்கியது. நடுங்கும் கையைப் பற்றி அவருக்குத் தெரியாததில்லை.

"வேண்டாம் மேடம். நான் ஓட்டறேன். நீங்க புள்ளியைப் பாத்துச் சொல்லுங்க. எந்தப் பக்கம்?"

சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது, ஒரு உதறல் இல்லை. பாலம் வரும் முன் அந்த மாதிரி ஒரு முச்சந்தி வந்தது. எதிரே பஸ்ஸும் லாரியுமாக வந்துகொண்டிருந்தன. சின்னவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் திரும்புங்க என்றாள். ஒரு லாரிக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கண்ணால் அளந்து, டாக்டர் அலட்டாமல் திரும்பினார். பாலத்தில் பாதி தூரம் போன பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவருக்கே உறைத்தது. அப்போதும் அதைப் பற்றிப் பேச நேரமில்லை. புள்ளி ஊர் எல்லைச் சாலையில் ஏறி, ஒரு பெரிய தகரக் கொட்டகைக்குள் போய் நின்றுவிட்டது.

அது கூரியர் கம்பெனியின் கிடங்கு. வேன்கள் வரிசையாக நின்று பொட்டலங்களை இறக்கிக்கொண்டிருந்தன. சின்னவள் காரிலிருந்து குதித்து இறங்கி, கண்ணில் பட்ட வேனையெல்லாம் எட்டிப் பார்த்தாள். பெரியவளைக் காணோம். கிடங்கு மேற்பார்வையாளர் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் மனிதர்களை நாங்கள் ஏற்றுவதில்லையே அம்மா என்று பொறுமையாகச் சொன்னார். சின்னவள் போனைக் கையில் ஏந்திப் புள்ளியை நோக்கி நடந்தாள். புள்ளியும் அவளும் ஒன்று சேர்ந்த இடத்தில் கம்பிவலைத் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குள், கயிறு கட்டி, முடிச்சில் மெழுகு வைத்து, கச்சிதமாகச் சுற்றிய ஒரு சின்ன பார்சல். மேலே பெரியவளின் கையெழுத்து. பெறுநர்: தலைமை அதிகாரி, அளவைச் சோதனைக்கூடம். மேலே ஒட்டிய கண்ணாடித்தாள் உறைக்குள் மடிக்காத ஒரு கடிதம் வெளியே தெரிந்தது. சின்னவள் நின்ற இடத்திலேயே படித்தாள்.

'பொருள்: முத்திரை இல்லாத கருவி. கைக்கடிகாரம் என்று சொல்லி இது என் கையில் கட்டப்பட்டது. மணி காட்டுவதற்கு இவ்வளவு கனம் தேவையில்லை. திருகாணி தேவையே இல்லை. என் பெட்டியில் இருந்த சின்ன திருப்புளியால் கழற்றினேன். இது என்ன அளக்கிறது என்று எனக்குச் சொல்லப்படவில்லை. நான் இருக்கும் இடத்தை அளக்கிறது என்று சந்தேகிக்கிறேன். ஏனென்றால் நான் எங்கே போனாலும் ஒரு பழகுநர் கார் பின்னால் வருகிறது. கருவியைச் சோதித்து, பிழை எவ்வளவு என்று அறிக்கை அனுப்பவும். குறிப்பு: எனக்கு மறதி இருக்கிறது. பதில் வரும்போது நான் கேட்டதையே மறந்திருந்தால், இந்தக் கடிதத்தை என்னிடம் காட்டவும்.'

சின்னவள் கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு திடுக்கென்றது. கடிகாரம் இங்கே என்றால், பெரியவள் எங்கே?

மேற்பார்வையாளர் பார்சல் பதிவான கிளைக்குப் போன் போட்டார். மறுமுனையில் பேசியவரின் குரல் அழாத குறையாக இருந்தது. அந்தம்மா இன்னும் இங்கேதான் இருக்கிறார், எங்கள் தராசு பதினைந்து கிராம் கூடக் காட்டுகிறதாம், அது சரியாகும் வரை ஒரு பார்சலும் நிறுக்கக் கூடாது என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், வரிசை தெருவரைக்கும் நிற்கிறது, யாராவது வந்து கூட்டிக்கொண்டு போனால் புண்ணியமாகப் போகும் என்றார்.

சின்னவள் பக்கத்திலிருந்த மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டியது. எது சிரிப்பு, எது அழுகை என்று பிரிக்க முடியாமல் போனபோது டாக்டர் கைக்குட்டையை நீட்டினார்.

கிளைக்குத் திரும்பும் வழியிலும் அவரே ஓட்டினார். அந்த முச்சந்தியை எதிர்த் திசையிலிருந்தும் கடந்தார்.

பெரியவள் கூரியர் கிளையின் நடுவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தோல்பெட்டி. சின்னவளைப் பார்த்ததும், "நல்லவேளை வந்த. இதுல சாட்சிக் கையெழுத்துப் போடு" என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். சின்னவள் போட்டாள். கிளைக்காரரும் போட்டார். தராசின் அடியில் சிக்கியிருந்த அட்டைத் துண்டை எடுத்ததும் முள் சரியாக நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெளியே மரநிழலில் ஒரு பெஞ்சு. டாக்டர் காருக்குள் மரியாதையாகக் காத்திருக்க, இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். சின்னவள் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கயிற்று முடிச்சை நெருடினாள். கடைசியில் எல்லாவற்றையும் சொன்னாள். வெங்காயக் கடை, ஐந்து மணி நேரம், நர்ஸ், புள்ளி, பொய். பெரியவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொன்னா மறந்துடுவீங்கன்னு..."

"மறந்துடுவேன்தான். ஆனா சொல்ற அந்த நிமிஷத்துக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?" பெரியவள் தெருவைப் பார்த்தபடி சொன்னாள். "மறுநாள் திருப்பிச் சொல்லு. அதுக்கு மறுநாளும் சொல்லு. உனக்கென்ன, ஒருத்தனுக்கே க்ளட்சைப் பத்தி நாற்பது தடவை சொல்றவ தானே?"

சின்னவள் திரும்பி அவளைப் பார்த்தாள். முதன்முதலாகத் தன் தொழிலைப் பெரியவள் வாயால் ஒரு தகுதியாகச் சொல்லிக் கேட்டாள். இருபத்திரண்டு வருஷக் கணக்கை எடுக்கலாமா என்று ஒரு கணம் நாக்கு துறுதுறுத்தது. எடுத்தால் அவளுக்கு ஒன்றும் புரியாது. தானே கேட்டு, தானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும். விட்டுவிட்டாள்.

"இனிமே கேக்கறேன்கா. தினமும்."

"வேண்டாம்னு சொன்னா?"

"வேண்டாம்னா கட்ட மாட்டேன். உங்களையும் கூட்டிக்கிட்டுப் பாடத்துக்குப் போவேன்."

பெரியவள் யோசித்தாள். அதெல்லாம் சரி, ஆனால் சோதிக்காத கருவியைக் கையில் கட்டிக்கொள்ள முடியாது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை நடந்தது. பெரியவள் முந்தின நாளே அளவு நாடாவால் தெருவை அளந்து, தபால் பெட்டி, பேருந்து நிறுத்தம், தையற்காரம்மாவின் வாசல் என்று மூன்று இடத்தில் சுண்ணக்கட்டியால் குறி போட்டிருந்தாள். அது எதற்கென்று நடுவில் மறந்து, யார் தெருவைக் கிறுக்கியது என்று சத்தம் போட்டதும் உண்டு. கடிகாரம் சின்னவள் கையில், போன் பெரியவள் கையில். நில் என்றால் நிற்க வேண்டும், நட என்றால் நடக்க வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் பேரை நிற்கவும் நடக்கவும் வைத்தவள், அன்று ஒருத்தியின் உத்தரவுக்கு மூன்று மணி நேரம் வெயிலில் நின்றாள். தபால் பெட்டியை ஒட்டி நின்றவளைப் போன் எதிர்வீட்டுக் குளியலறையில் காட்டியபோது, பெரியவள் தெரு முழுக்கக் கேட்கும்படி, "அங்க என்ன பண்ற நீ?" என்று கேட்டாள். தையற்காரம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அறிக்கையைப் பெரியவளே எழுதினாள். திறந்த வெளியில் பிழை பத்தடிக்குள். வீட்டுக்குள் முப்பதடி வரை. சந்தையின் தகரக் கூரைக்கடியில் நம்பத் தகாது. அங்கே காணாமல் போனால் நேரில் வந்து தேடவும். பிறகு கடிகாரத்தின் அடிப்பக்கம் ஒட்ட ஒரு சின்ன தாளை வெட்டி, பொடி எழுத்தில் எழுதினாள்: 'சோதித்தது. இது என் இருப்பிடத்தைச் சின்னவளுக்குக் காட்டும். என்னைக் கேட்ட பிறகே கட்ட வேண்டும்.' கீழே கையெழுத்து.

ஒட்டி முடித்தவள் இன்னொன்று கேட்டாள். "நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியும். நீ எங்க இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சின்னவளுக்கு அது தோன்றவே இல்லை. அன்று மாலையே தன் பழைய போனை எடுத்து, கூடத்து அலமாரியில் சாய்த்து வைத்து, தன் காரை ஒரு சிவப்புப் புள்ளியாகக் காட்டும்படி செய்துவிட்டாள். பொத்தான் எதையும் அழுத்த வேண்டாம், பார்த்தால் போதும். கீழே, கூப்பிட வேண்டிய எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள்.

அதிலிருந்து தினமும் காலையில் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சின்னவள் முதலிலிருந்து சொல்லுவாள். பெரியவள் திருப்பிப் பார்த்து, தன் கையெழுத்தைப் படித்து, கையை நீட்டுவாள். பத்துக்கு எட்டு நாள் அப்படி. மீதி இரண்டு நாள், இன்னிக்கு வேண்டாம், கனக்கிறது என்பாள். அந்த நாட்களில் கடிகாரம் மேஜையில் இருக்கும். பெரியவள் காரின் பின்சீட்டில் இருப்பாள். முதல் நாள் அப்படி வந்தபோது ஒரு மணி நேரம் சின்னவள் சொல்வதையே கேட்டுக்கொண்டு வந்தாள். பாடம் முடிந்ததும் முன்பக்கம் சாய்ந்து, "நல்லாத்தான் சொல்லிக்குடுக்குற. பள்ளிக்கூடம் மாதிரி ஒண்ணு நீ ஆரம்பிக்கலாமே" என்றாள். சின்னவள் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் துளியும் இல்லை. ஆரம்பிச்சுட்டேன்கா என்றாள். மெல்ல, ரொம்ப மெல்லத்தான் சொன்னாள்.

பல் டாக்டர் ஐந்தாவது தடவையில் தேறினார். தேர்வு அதிகாரியை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டும்போது புள்ளியைத் துரத்துவதாகவே நினைத்துக்கொண்டாராம். நன்றிக்காகப் பெரியவளுக்கு ஒரு ஜோடிப் பல்செட்டை இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னார். பெரியவள் தன் முப்பத்திரண்டில் இருபத்தொன்பதைக் காட்டி, தேவைப்பட்டால் எழுத்து மூலம் தெரிவிப்பதாகச் சொல்லி அனுப்பினாள்.

எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. ஒரு காலை, தாளைப் படித்துவிட்டு, இது யார் எழுதியது என்று கேட்டாள். நீங்கதான்கா என்றாள் சின்னவள். பெரியவள் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை.

"யாரா இருந்தாலும் ஒழுங்கான ஆளுதான்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். "கட்டு."

மழைக்காலம் தொடங்கிய வாரம், ஊருக்கு வெளியே நெடுஞ்சாலைப் பாடம் முடித்து, மாணவியை அவள் வீட்டில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது சின்னவளின் கார் நின்றுவிட்டது. இன்ஜின் ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. மெக்கானிக் வர ஒரு மணி நேரமாகும் என்றார். இரண்டு பக்கமும் வயல்கூட இல்லை, வெறும் புதர். தூறல் போட்டது. சின்னவள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். கணவர் போன பிறகு இப்படி எங்காவது மாட்டிக்கொண்டால் யாருக்கும் சொல்வதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று இருந்து பழகிவிட்டாள். போன் அடித்தது. வீட்டு எண்.

"ஏன் அங்கயே நிக்குற? அரை மணி நேரமா நகரவே இல்ல."

பெல்ட் அறுந்ததைச் சொன்னாள். மெக்கானிக் வருவதைச் சொன்னாள்.

"மழை பெய்யுதா அங்க? கதவைப் பூட்டிக்கிட்டியா? நான் கிளம்பி வரட்டுமா?"

"வேண்டாம்கா. நீங்க வீட்டுலயே இருங்க. நான் வந்துடுவேன்."

"சரி, அப்ப வைக்காத. பேசிட்டே இரு" என்றாள் பெரியவள்.

மெக்கானிக் வரும் வரை அவள் போனை வைக்கவே இல்லை. ஏன் அங்கேயே நிற்கிறாய் என்று மொத்தம் ஆறு தடவை கேட்டாள். சின்னவள் சீட்டைப் பின்னால் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டு, பெல்ட் அறுந்த கதையை ஆறு தடவையும் முதலிலிருந்து சொன்னாள். நாலாவது தடவை அதில் இல்லாத ஒரு ஆட்டு மந்தையையும் சேர்த்துக்கொண்டாள். பெரியவள் மந்தையில் எத்தனை ஆடு என்று கேட்டாள்.